சுபாஸ் எடுத்த சங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பூனாகலையில் மழை விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாலைத்தீவில் நான் சுகம். என்னோடு வேலை செய்யும் பசறை சுபாஸைத்தான் ஒரு சங்கு குத்திவிட்டது. அழகாயிருக்கிறதென்று கடற்கரையில் கையில் எடுத்தான். உள்ளே இருந்தது மீனையே விஷத்தால் கொன்று தின்னும் கூம்பு நத்தையாம்.

"கை மரத்துப்போச்சுடா. அம்மாகிட்ட சொல்லிடாத, பயந்துரும்" என்று சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் தானாக மூச்சு விட முடியாமல் போய்விட்டது. இந்த விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லையாம். அது தானாக இறங்கும்வரை இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் அம்மா என்னை அழைத்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கத் தைரியமில்லை. தங்கச்சியின் போனுக்கு அனுப்பும் இதை அவள் வாசித்துக்காட்டியதும் பசறைக்குப் போய் அவரோடு இருங்கள், அப்பா.

டொக்டர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
விஜேந்திரன்