தேறாத பிள்ளைகளின் பிரிவு

என் ஆசை நைனாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேன், கோபமும் அதே அளவு இருக்கிறது. நீ செத்து மூன்று வருஷம் ஆச்சு. இன்னும் உன்மேல் கோபப்படுகிறேன், பார்.

உன் பேத்தி யாழினி பத்தாவது பாஸ். நல்ல மார்க். ப்ளஸ் ஒன்னில் எலெக்ட்ரிகல் தொழிற்பிரிவுதான் வேண்டுமாம். நேற்று பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அட்மிஷன் போடும் டீச்சர் மார்க் ஷீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, இவ்ளோ மார்க் வாங்கிட்டு தொழிற்பிரிவா? அது தேறாத பசங்களுக்கும்மா."

எனக்கு வந்ததே கோபம்!

"தேறாததுங்களா? உங்க ஊட்ல கரண்ட் போனா யாரைக் கூப்புடுவீங்க டீச்சர்? டாக்டரையா?"

கத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் 'தேறாத' என்பது நீ சொன்ன வார்த்தை, நைனா. அன்று நான் மெக்கானிக்கல் பிரிவு கேட்டபோது என்ன சொன்னாய்? "தேறாததுங்க படிக்கிறதும்மே அது. என் கைல கீற கிரீஸு உன் கைல ஒட்டவே கூடாது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை அன்று உன் லேத் மெஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, என்னையும் விழுந்து கும்பிட வைப்பாயே. கும்பிடலாம், படிக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? நீ என்னைப் பிடித்துத் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர் படிப்பைப் படித்த நான், கொரட்டூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறேன். வீட்டில் ஃப்யூஸ் போனால் போடத் தெரியாது.

கொடுமை என்ன தெரியுமா? போன வாரம் யாழினி முதலில் கேட்டபோது நானும், "மானம் பூடும்டி" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றேன். உன் ரத்தம்தானே எனக்கும்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது இன்னொரு வம்பு. ஆள் சேராததால் அந்தப் பிரிவையே மூடப் போகிறார்களாம். யாழினியோடு நாலு பேர்தான். இன்னும் ஆறு பேர் வந்தால் நடத்துவார்களாம்.

நாளையிலிருந்து தெருத்தெருவாகப் போகப் போகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் உன்னை மாதிரி ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார். உன்னிடம் வாய் திறக்காமல் விட்ட சண்டையை அவர்கள் எல்லோரிடமும் போடுவேன். சத்தியம், நைனா.

இப்படிக்கு,
அன்றைக்குத் தலையாட்டிவிட்ட உன் மகள்,
செல்வி