கிணற்றைக் கேட்கச் சொன்னவளுக்கு

இன்று காலை நீர்வேலியில் ஒரு வேலியோரம் இழுத்துக் கட்டிய கறுப்புக் குழாயில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. சொட்டு நீர்ப்பாசனத்துக்கென்று உதவித் திட்டத்தில் கொடுத்த குழாய். உன்னிடம் சொல்லச் சிரித்தபடி ஸ்கூட்டியின் பின்பக்கம் திரும்பினேன். நீ இல்லை. அதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

நாம் இருவரும் கணக்கெடுக்கப் போய் வீடு வீடாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தக் குழாயைப் பாவிக்கிறீர்களா, இல்லையா? உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிற அக்கா "இல்லைப் பிள்ளை" என்றதும் நான் குறித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். நீ எழும்பவில்லை. தேநீரை ஊதிக் குடித்தபடி, "ஏனக்கா, கிணறு பங்கோ?" என்றாய்.

"ஓம், நாலு வீட்டுக்கும் ஒண்டுதான். முறை வந்தால்தான் இறைக்கலாம்."

சொட்டு நீர் நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டும். முறைக்குக் காத்திருக்கும் தோட்டத்தில் அந்தக் குழாய் துணி காயப்போடத்தான் உதவும். வழி முழுக்க நீ என்னை விடவில்லை. "வீட்டை எண்ணி என்னடி செய்யப்போறாய்? கிணத்தை எண்ணு." கணக்கெடுப்பு அட்டவணை முடிகிற நேரத்தில் குழப்புகிறாயே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கதைதான்.

"உந்த அட்டவணையை அனுப்பிப்போட்டியே?"

"இன்னும் இல்லை."

"அனுப்பாதை. உரும்பிராய்ச் சனத்துக்கு விருப்பமில்லை எண்டு மேலிடத்திலை எழுதிப்போடுவினம். பிறகு ஒரு உதவியும் அங்கை போகாது."

வேலையை என் தலையில் போட்டுவிட்டு நீ போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம். நேற்று மேலதிகாரி தொலைபேசியில், "எல்லாம் சரிதானே, ஏன் இழுக்கிறியள்?" என்றார். கூட்டலில் பிழையில்லை, கேள்வியில்தான் பிழை. அதுதான் என்னை இருக்கவிடவில்லை. அட்டவணையைத் தரமுடியாது, திரும்பப் போய்க் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் பட்டென்று தொலைபேசியை வைத்தார். இந்த வேலை எனக்கு நிலைக்குமோ தெரியாது.

நீர்வேலியிலிருந்து நேரே உரும்பிராய்க்கு வந்தேன். அக்கா தோட்டத்துக்குள் நின்று என் பின்னால் தேடினார்.

"மற்றப் பிள்ளை எங்கை?"

"அவ கேக்கச் சொன்னதைத்தான் கேக்க வந்தனான், அக்கா. கிணத்துப் பங்குகாரர் எல்லாரையும் ஒருக்காக் கூப்பிடுவியளோ?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு கை மண்ணைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டு வளவுக்குப் போனார்.

அவர்கள் வரும்வரை கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்கிறது. உன் கேள்வியை இனி என் வாயால்தான் கேட்கவேண்டும்.