உன் ரிவால்வரில் சுட்டுப் பார்த்தேன்

லூயிஸ்டவுன், மொன்டானா
ஆகஸ்ட் 9

அன்புள்ள லோரீனுக்கு,

நெட்டி எழுதிக்கொள்வது. நானும் ஹால்வரும் நலம். உன் மணிக்கட்டு தேறிவருவதாக உன் மகன் சொன்னான். நீதான் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. விற்றுத் தரச் சொல்லி நீ விட்டுப்போன ரிவால்வரை நான் விற்கவில்லை. சனிக்கிழமை அதை எடுத்துப்போய்ச் சுட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை!

புதிதாக இரண்டு ரக வெடிமருந்து வாங்கியிருந்தேன். நம் பழையதோடு மூன்று. ஒரே குண்டு, ஒரே வேகம் வருகிற மாதிரி மருந்தை நிறுத்துப் போட்டு, மூன்று விதமாகத் தோட்டா நிரப்பினேன். என்னுடைய கனத்த ரிவால்வரில் மூன்றும் ஒன்றுபோலவே உதைத்தன. "மருந்துல ஒண்ணும் இல்லடி, எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று ஹால்வர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன்னுடையது எடை குறைந்தது, அதில் தெரியாமலா போகும் என்று அதை எடுத்தேன். "அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்க. எதைப் போடுறேன்னு சொல்ல மாட்டேன்" என்று அவரே நிரப்பிக் கொடுத்தார்.

முதல் வெடியில் உள்ளங்கையில் பளாரென்று ஓர் அறை. அடுத்தது, கன்றுக்குட்டி தலையால் முட்டுகிற மாதிரி, வெறும் தள்ளல். மூன்றாவது மறுபடியும் அறை. நான்காவதில் விசையை இழுத்தேன், வெறும் 'டிக்'. அந்தக் குழியில் தோட்டாவே போடாமல் விட்டிருக்கிறார், திருட்டு மனுஷன்! ஆனால் வெடிக்காத துப்பாக்கியின் முனை தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. என் கை உதைக்குப் பயந்து முன்கூட்டியே கீழே அமுக்கிவிட்டது லோரீன். "லோரீனைத்தானே பயந்தாங்கொள்ளின்னு சொன்ன?" என்று ஹால்வர் மெதுவாகக் கேட்டார்.

இரண்டு தடவையும் அறைந்தது எது தெரியுமா? நம் பழைய மருந்து. கொஞ்சம் போட்டால் போதும், ஒரு டப்பா வருஷம் முழுக்க வரும் என்று பதினொரு வருஷமாக உனக்கும் அதையேதான் நிரப்பித் தந்தேன். ஒருநாள்கூட உன் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்ததில்லை. என் துப்பாக்கியின் கனம் உதையைத் தின்றுவிட்டது. உன் துப்பாக்கியின் உதை முழுவதும் உன் மணிக்கட்டுக்குப் போயிருக்கிறது. போன வருஷப் போட்டியில் உன் குண்டுகள் கீழே கீழே போய் நம் ஜோடி தோற்றபோது, எல்லார் முன்னாலும் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன். நீ கையில் ஐஸ் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாய். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் கேள்! தள்ளிய மருந்தில் ஐம்பது தோட்டா நிரப்பி மறுநாள் உன் ரிவால்வரிலேயே சுட்டேன். முனை குனியவே இல்லை. ஐந்து குண்டும் இலக்கில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நான் குதித்த குதியில், "இடுப்பு பிடிச்சா என்னால தூக்க முடியாது" என்று ஹால்வர் அலறினார்.

செப்டம்பர் கடைசியில் ஜோடிப் போட்டி. பதிவுத்தாளில் என் பெயரை எழுதிவிட்டேன், பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. வேறு யாரையும் கேட்க மாட்டேன். உன் கை சம்மதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வா. சுட மனமில்லை என்றால் சுடவே வேண்டாம். பதினொரு வருஷம் வலித்ததை ஒருமுறைகூட என்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டாய். அதற்கெல்லாம் சேர்த்து நேரில் வந்து, என்னை வாய் நிறையத் திட்டிவிட்டாவது போ.

கை சீக்கிரம் குணமாகட்டும்.

உன்
நெட்டி