இரண்டாவது போன்ஜூர்

மார்ச் 11, 2018. ஞாயிறு

காலையிலிருந்து மழை. விருந்தினர் வரத் தொடங்கிவிடுவார்களே என்று மாடியறை மெத்தைகளை எல்லாம் திருப்பிப் போட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. கட்டின புருஷன் ஃபிர்மன் உதவிக்கு வரவில்லை. கீழே கடை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்தக் கடை? மூடி நாலு வருடமாகிறது. அவன் ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற இடத்தில் இப்போது எங்களிடம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் காலையில் காபி குடிக்கிறார்கள். ஆனால் மேசையை எடுக்கவிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கதவைத் திறந்தால் அடிக்கும் வாசல் மணியையும்தான்.

மழை என்றாலே எனக்கு 1974 தான். பாரிஸிலிருந்து இந்த ஃபிஜாக் ஊர்த் தபால் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. வாடகை அறையில் கோட்டு மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு ஓடி வந்து இந்தக் கதவைத் தள்ளி, "கொக்கி இருக்கா?" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மதாம், வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க."

போன்ஜூர் என்று வணக்கம் சொல்லாமல் நுழைந்துவிட்டேனாம்! வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். தெருவில் நின்ற பிறகுதான் ஊரில் வேறு ஆணிக்கடை தெரியாது என்பது உறைத்தது. திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "போன்ஜூர், முசியே" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தான். என் விரலில் மோதிரம் இல்லாததையும் பார்த்துக்கொண்டான், திருடன்.

"போன்ஜூர், மதமுவசேல்."

மதாம் போய், கல்யாணமாகாத பெண்ணுக்குரிய மதமுவசேல் வந்துவிட்டது. கொக்கியை எடுப்பதற்கு முன்னால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினான். "முதல்ல தலையைத் துவட்டிக்கங்க."

அந்தக் கொக்கி இன்னும் எங்கள் படுக்கையறைக் கதவில் இருக்கிறது. அவன் கோட்டும் என் கோட்டும் அதில்தான் தொங்குகின்றன.

ஏப்ரல் 17

புது விருந்தாளி. ட்ரெவர் என்று பெயர், ஆஸ்திரேலியாக்காரர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கடல் தாண்டி வருவது இதுதான் முதல் தடவையாம். பள்ளியில் படித்த அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார். காலையில் ரொட்டிக்கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், தன்னை யாரும் பார்க்கவே இல்லை என்று புலம்பினார்.

"உள்ள போனதும் போன்ஜூர் சொன்னீங்களா?" என்றான் ஃபிர்மன்.

"நான் ரொட்டி வாங்கத்தானே போனேன்?"

"அதான் கிடைக்கல."

ஃபிர்மன் சாயங்காலம்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஏப்ரல் 21, சனி

ட்ரெவருக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பாகிவிட்டது. இன்று சந்தையில் தக்காளிக்காரிக்கு, பாலாடைக்கட்டிக்காரருக்கு, அவருடைய நாய்க்கு, எல்லோருக்கும் போன்ஜூர். ஃபிர்மனுக்கு மட்டும் மத்தியானத்துக்குள் நாலு.

"என்ன முசியே, காலையில என்னைப் பார்த்தது மறந்துபோச்சா? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ரெண்டாவது தடவை சொன்னா, 'உன் மூஞ்சி என் மனசுலயே நிக்கல'ன்னு அர்த்தம்."

பாவம், மனிதர் முகம் சிவந்துவிட்டது. சாப்பிடும்போது கையை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் விடவில்லை இவன். "ரெண்டு கையையும் மேசைமேல வைங்க. கீழ என்ன பண்றீங்களோன்னு என் பொண்டாட்டி பயப்படுறா!"

நெடுநாளைக்குப் பிறகு இந்த வீட்டில் இத்தனை சத்தம்.

ஏப்ரல் 24

இன்று காலை ஃபிர்மன் எனக்கு இரண்டு தடவை போன்ஜூர் சொன்னான்.

ஏப்ரல் 25

ட்ரெவரைக் கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்தேன்கூட. அவன் சிரிக்கவில்லை. ஏழு மணிக்கு ஒரு தடவை. காபி குடித்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்து மறுபடியும். அதே போன்ஜூர், கன்னத்தில் அதே முத்தங்கள், அதே "நல்லா தூங்கினியா, ஒதீல்?"

ஆயிரம் பேரை வாசலுக்குத் திருப்பி அனுப்பியவன் அவன். அவனா?

ட்ரெவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம்.

எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது?

மே 2

ட்ரெவர் ஊருக்குக் கிளம்பினார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"மதாம், இன்னிக்கு அவர் எனக்கு மூணு தடவை போன்ஜூர் சொன்னார். நானும் மூணு தடவையும் புதுசா பார்க்கிற மாதிரி பதில் சொன்னேன். தப்பில்லையே?"

"தப்பில்லை முசியே. ரொம்ப மரியாதையான காரியம்."

அவர் போன பிறகு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 19

மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

துலூஸிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் க்ளெமான்ஸ், காரில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள். "வீட்டை வித்துட்டு என் பக்கத்துல வந்துடுங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நீ ஒருத்தியா எப்படி அப்பாவைப் பார்த்துப்ப?"

நியாயம்தான். அவள் சொல்வது எல்லாமே நியாயம்தான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பின் சீட்டில் அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். என்னை மறப்பதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

செப்டம்பர் 8, சனி

க்ளெமான்ஸ் வந்திருக்கிறாள். அவள் சொல்லி வைத்திருந்த தரகர் வீட்டைப் பார்க்க வந்தார். காதில் தொலைபேசி, கண் கூரையில். மணி அடிக்க உள்ளே நுழைந்து, "சுவர் ஈரம் வாங்குதா?" என்றார்.

மேசைக்குப் பின்னாலிருந்து, பழைய குரல், கொஞ்சமும் நடுங்காத குரல்: "முசியே, வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க."

தரகர் என்னைப் பார்த்தார். "அவர் சொல்றது சரிதான், போங்க," என்றேன். போனார்! மணி மறுபடி அடித்தது. போன்ஜூர் என்றார். ஃபிர்மனும் போன்ஜூர் என்றான். மேசையைத் தட்டிக்கொண்டே, "சொல்லுங்க, என்ன அளவு ஆணி?" என்றான்.

க்ளெமான்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, துலூஸ்ல இந்த மேசையை எங்க போடுறது?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

தரகரை அவளே வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். விற்கப்போவதில்லை. இப்போதைக்கு. இனி விருந்தினரும் வேண்டாம், அவன் ஒருவன் போதும்.

நவம்பர் 14

நல்ல வெயில். ரொட்டியும் லீக்ஸ் வெங்காயத்தாளும் வாங்கிக்கொண்டு வந்தேன். பின்கதவுச் சாவியை மறந்துவிட்டதால் கடைக்கதவு வழியாக நுழைந்தேன். வேறு ஏதோ யோசனை. அடுப்பில் சூப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டுப் போயிருந்தேன், அதுவாக இருக்கும்.

"மதாம், வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க."

"ஃபிர்மன், நான்தான்," என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, குழப்பமுமில்லை. வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் கடைக்காரனின் முகம். அதில் எனக்கு இடமே இல்லை. இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான், வந்துவிட்டது.

பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன்.

தெருவில் யாரும் இல்லை. கற்கள் காய்ந்து கிடந்தன. கொஞ்ச நேரம் கதவைப் பார்த்து நின்றேன். மூக்கைச் சிந்தினேன். கையுறையைக் கழற்றவில்லை, மோதிரம் உள்ளேயே இருக்கட்டும் என்று. கதவைத் தள்ளினேன். மணி அடித்தது.

"போன்ஜூர், முசியே."

நிமிர்ந்தான். அந்தச் சிரிப்பு, அப்படியே.

"போன்ஜூர், மதமுவசேல்." குனிந்து மேசைக்கு அடியில் துழாவி, பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான். "எப்படி நனைஞ்சிருக்கீங்க பாருங்க. முதல்ல தலையைத் துவட்டிக்கங்க."

வாங்கித் துவட்டிக்கொண்டேன். துவட்டிக்கொண்டே, "கொக்கி இருக்கா?" என்று கேட்டேன்.