அகப்பை நடுங்கிய நோன்பு

அன்பு உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நோன்பு துறக்கும்போதெல்லாம் அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே வாப்பாவும் தம்பியும் சுகம். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கிண்டும்போது அகப்பை சட்டியில் டக் டக் என்று தட்டுப்பட்டது, பார்த்தால் நடுங்குவது என் கை. றுக்ஸானா சாச்சி, "என்ன புள்ள, எதையும் கண்டு பயந்திட்டியா? நோன்பு துறந்ததும் ஓதின தண்ணி தாறன்" என்றா. போனில் சொல்லலாம் என்றால் சாச்சி பக்கத்திலேயே நிற்பா, எனக்கு வாய் வராது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் சிபானா ராத்தாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி கீழே விழும், இந்த வருசம் நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் பிடிக்கிறேன் உம்மா. "வயித்தக் காயப்போட்டா சீனி தானா இறங்கிரும். நீ பகல்ல தின்னுறத்த ஆரும் கண்டா சீனி வருத்தக்காரி எண்டு ஊரெல்லாம் கதை போகும், பிறகு உன்ன ஆருடி கலியாணம் கேட்டு வருவான்?" என்கிறா சாச்சி. வாப்பாவும் அதை நம்பிவிட்டார். சீனி இறங்கினாலும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பயந்தாலும் அப்படியேதான், எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. முந்தாநாள் இறங்கிவிட்டது என்று பயந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு சீனி அள்ளித் தின்றேன், பிறகு மெசினில் பார்த்தால் அது ஏற்கெனவே ஏறிக் கிடந்திருக்கிறது. நேற்று வெறும் பயம் என்று ஒன்றும் தின்னாமல் விட்டேன், பிறகு மெசினில் பார்த்தால் இறங்கிப்போயிருந்தது. இந்த வீட்டில் ஒரு வாய் தின்ன மூலை இல்லை உம்மா. சமையலறையில் சாச்சி, ஹோலில் வாப்பா. அவர் முன்னால் தின்றால் மாதவிலக்கு என்று நினைப்பார், வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் போனில் கோல் எடுத்தால், டொக்டர் சொன்னதைக் கேட்கும்படி சாச்சியிடம் ஒரு சொல் சொல்லுங்கள், மறக்க வேண்டாம். உங்கள் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுங்கள். அல்லாஹ் உங்களைச் சுகமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மேலே இரண்டு வரி எழுத்துக் கோணியிருக்கும். பேனையை வைத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். சாச்சி கடைக்குப் போயிருந்தா. ஹோலுக்குப் போய், வாப்பா பார்த்துக்கொண்டிருக்க, நோன்பு துறக்க வைத்திருந்த ஈச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தேன். அவர் என்னையும் என் கையையும் பார்த்தார். "இருந்து தின்னு மகள்" என்றார். கதிரையில் இருந்தேன். அடுத்ததை எடுக்கும்போது சாச்சி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை.

உங்கள் மகள்
அம்ஹா