ஃபிரிட்ஜில் ஆறு ஊசிகள்

உட்லண்ட்ஸ்,
25 ஏப்ரல் 2020, சனிக்கிழமை, காலை 10.40.
ஃபிரிட்ஜில் ஊசி மருந்து: ஆறு. ஒன்றும் குறையவில்லை.

என் ராசிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கோவிட் வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளிடம் அதைக் கேட்பது முட்டாள்தனம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, இந்த இரண்டுக்கு மட்டும் பதில் போடு.

போனில் பேசினால் சண்டை போடுவேன். நேற்றும் அதுதான் நடந்தது. அதனால் எழுதி, சாப்பாட்டுப் பையில் வைத்து, நர்ஸ்களைத் தங்க வைத்திருக்கும் உன் ஹோட்டல் கவுண்டரில் கொடுக்கிறேன். பையில் இருப்பது வௌவால் மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல். திட்டாமல் சாப்பிடு.

மார்சிலிங் சந்தைக்குள் இப்போது அடையாள அட்டை ஐசி எண்ணைப் பார்த்துத்தான் விடுகிறார்கள். கடைசி எண் ஒற்றை என்றால் ஒற்றைத் தேதி, இரட்டை என்றால் இரட்டைத் தேதி. நான் ஒற்றை, நீ இரட்டை. நீ வீட்டில் இருந்தால் நமக்குத் தினமும் மீன்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் தேதியோடு அவசரமில்லாத சிகிச்சைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு. முட்டி மாற்று, கண்புரை, அந்த வரிசையில் நம் ஐவிஎஃப்பும். ஒன்பதாம் தேதி உனக்கு முதல் ஊசி போடுவதாக இருந்தது. இரண்டே நாளில் தவறிப்போச்சு. உனக்கு முப்பத்தொன்பது வயது. போன இரண்டு முறையும் கரு தங்கவில்லை. இதுதான் கடைசி முயற்சி என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதில் எது அவசரமில்லை என்று கேட்டுச் சுகாதார அமைச்சுக்கு மின்னஞ்சல் போட்டேன், உன் ரிப்போர்ட் எண்களோடு, கிராஃப் வரைந்து. மரியாதையாகப் பதில் வந்தது. மரியாதை மட்டும்தான் வந்தது.

அதை வைத்துத்தான் நேற்று கத்தினேன். நீ கத்தவில்லை. ஆபரேஷன் தியேட்டரை மூடியதால்தான் தியேட்டர் நர்ஸ்கள் நாங்களெல்லாம் கோவிட் வார்டுக்கு வர முடிந்தது என்றாய். மூச்சுத் திணறி வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் ஷிஃப்ட் முழுக்க ஓர் ஆள் நிற்க முடிந்தது என்றாய். அந்த ஆள் நீதான் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பிறகு, டேய் எஞ்சினியர், அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுடு, எனக்கு இனிமே தெம்பில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

தூக்கிப் போடவில்லை. குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளமே. என் வீட்டு ஃபிரிட்ஜ் ஐந்து டிகிரியைத் தாண்டாது. மருந்துக்குக் காலாவதி அடுத்த ஜனவரி. இப்போதே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

உத்தரவு சரிதான். யோசித்துத்தான் சொல்கிறேன். அமைச்சில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையே போட்டிருப்பேன். ஆனால் நம்முடையது அவசரமில்லை என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு விஷயம். கோபப்படாதே. காலையில் சுவா சூ காங்கிலிருந்து அம்மா போன். அதே பழைய கேள்வி, விசேஷம் ஏதாச்சும் உண்டா என்று. மருமகள் ஹோட்டலில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா? எரிச்சலில், அரசாங்கம் நிறுத்தி வச்சிருக்கு என்றேன். அடப்பாவமே, அதுக்குமா தடை போட்டுட்டாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மூன்று வருஷமாக நீ முழுக்கைச் சட்டை போட்டு மறைத்த ரத்தப் பரிசோதனைத் தழும்பு வரைக்கும்.

நாலு வயசு மூத்தவளா என்று நம் கல்யாணத்தில் முணுமுணுத்த அதே அம்மா, சிராங்கூன் ரோட்டுக் கோயிலும் மூடிக் கிடக்கே, நான் எங்கடா போய் வேண்டிக்குவேன் என்றார். எல்லாம் திறந்ததும் குழந்தைக்கு வேண்டிக்கலாம்மா என்றேன். குழந்தைக்கு இல்லடா மடையா, அவளுக்கு என்றார்.

நேற்று நான் கத்தினதும் உனக்காகத்தான். எனக்கு வார்த்தை அப்படி வரவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஃபிரிட்ஜைக் காலையும் மாலையும் பார்ப்பேன்.

2. ஒற்றைத் தேதியில் மீன், இரட்டைத் தேதியில் முட்டை. இரண்டும் உன் கவுண்டருக்கு வரும்.

3. அமைச்சுக்கு இன்னொரு மின்னஞ்சல். இந்த முறை சண்டை இல்லை. மறுபடி திறக்கும்போது வயது கூடியவர்களை முதலில் கூப்பிடச் சொல்லிக் கேட்பேன்.

4. அப்போதும் நீ வேண்டாம் என்றால், ஆறையும் நானே மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

5. நீ வரும் அன்று கீழே லிஃப்ட் பக்கத்தில் நிற்பேன். என்ன தேதியாக இருந்தாலும் சரி, சந்தைக்குச் சேர்ந்து போவோம். நம்மில் ஒருவரை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். நீ முழுசாக வந்து சேர், ராசி.

உன்
திலீப்