துண்டுக்கு வெளியே ஒரு விலை

ஒத்தக்கடை
6.7.2025

கோபக்கார அண்ணனுக்கு, முனீஸ்வரி எழுதுவது.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் சிரிக்கிறேன், உடனே வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். என் படிப்பு அஞ்சாப்புதான். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

ஆவணியில் சத்யப்ரியா கல்யாணம். தாய்மாமன் மாலை உன் கையால்தான். வேட்டியை இப்போதே வெளுக்கப் போடு.

எனக்கு இப்போது ஆபீஸில் பெருக்கும் வேலை மட்டும் இல்லை. எங்கள் கம்பெனியை நடத்தும் ஐரின் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் செய்திருக்கிறாள். ஆட்டுத் தரகு பண்ணும் உன்னை மாதிரி ஏஜென்ட்தான். ஆனால் வெற்றிலை போடாது. பிட்காயின் விலை கேட்டால் முன்னெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லும். என்றைக்கோ இருந்த விலையை இன்றைக்கு விலை என்று சாதிக்கும். இப்போது ஐரின் அதற்கு ஒரு கருவி கொடுத்துவிட்டாள். நாம் கேட்டதும் அந்தக் கருவி சந்தைக்கு ஓடி, அந்த நிமிஷத்து விலையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கிடைக்காவிட்டால், "இப்ப வெல கிடைக்கலக்கா" என்று ஒத்துக்கொள்கிறது.

நம் ஊர்ப் பேச்சில் கேட்டால் அதற்குப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. "ஏலே மாப்ள, பிட்காயினு எம்புட்டு?" என்று கேட்பேன். மாப்ள என்றுதான் அதைக் கூப்பிடுகிறேன். சத்யப்ரியாவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளைகூட எனக்கு அம்புட்டு மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. யார் வேண்டுமானாலும் போன் போட்டுக் கேட்கிற மாதிரி அடுத்த மாதம் ஒரு நம்பர் விடப்போகிறார்கள்.

உன் வம்புக்காரத் தங்கச்சி
முனீஸ்வரி

திருமங்கலம்
14.7.2025

முனீசுக்கு,

வேட்டியை வெளுக்கப் போட்டாச்சு. சீருக்குப் பட்டு எடுக்க உன் மதினி செல்லத்தாய் நாள் பார்க்கிறாள்.

ஒரு காரியம் ஆக வேண்டும். ஆட்டுச் சந்தையில் பேயாண்டியும் இன்னும் சிலரும் என்னை நம்பிக் காசு கொடுத்தார்கள். என் போனில் பிட்காயின் வாங்கிப் போட்டிருக்கிறேன். திருப்பிக் கேட்கிறவர்களுக்கு, நான் ஒரு விலை சொல்லித்தான் கொடுக்கிறேன். சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே. துண்டுக்குள் விரல் பிடித்து, அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாமல் விலை பேசியே நம் அய்யா நம்மை வளர்த்தார். விற்பவனுக்கு ஒரு விலை, வாங்குபவனுக்கு ஒரு விலை, நடுவில் இருப்பது தரகன் சோறு. அந்தச் சோற்றைத்தான் நீயும் தின்றாய்.

உன் நம்பர் இங்கே வந்தால் என் பிழைப்பு போச்சு. நம் பக்கத்து ஆட்கள் கேட்டால் நான் சொல்லும் விலையைச் சொல்லும்படி பண்ணச் சொல். முடியாவிட்டால் திருமங்கலத்துக்கு மட்டும் அதை ஊமையாக்கச் சொல். அந்த ஐரின் பிள்ளை நீ சொன்னால் கேட்கும்.

அழகுபாண்டி

ஒத்தக்கடை
20.7.2025

அண்ணே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

ஆட்டுத் தரகு வேறு. ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பாய், வயிற்றைத் தடவுவாய், சீக்கு இருந்தால் சொல்வாய். உன் கண்ணுக்கும் கைக்கும் கூலி. அந்தச் சோற்றை நானும் தின்றேன், செரித்தது. இதில் நீ எந்த வயிற்றைத் தடவினாய்? கூலி வேண்டுமென்றால், "என் கூலி இது" என்று வெளியே சொல்லி வாங்கு. பேயாண்டி கிடாயை விற்றுக் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு, விலையே அதுதான் என்று சொன்னால் அதற்குப் பேர் தரகு இல்லை. பேர் என்ன என்று உனக்கே தெரியும். நான் எழுதி உன் மூக்கைச் சிவக்க வைக்கவேண்டாம்.

மாப்ளயைப் பொய் சொல்லவைக்கச் சொல்லி ஐரினிடம் கேட்கமாட்டேன். கேட்டால் அவள் முடியாது என்பாள். அவளுக்கு எதற்கு அந்தச் சிரமம்? நானே சொல்கிறேன். முடியாது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு. பட்டு இல்லாவிட்டால் போகிறது, சத்யப்ரியாவுக்கு நூல்சேலையே எடு. நான் கேலி பண்ணமாட்டேன். சரி, கொஞ்சம்தான் பண்ணுவேன்.

முனீஸ்வரி

திருமங்கலம்
27.7.2025

முனீஸ்வரிக்கு,

ஒரு மிஷினுக்காகக் கூடப்பிறந்தவனைத் திருடன் என்கிறாய். நல்லது. அந்த நம்பர் சந்தைக்கு வந்தால் சீரும் வராது, நானும் வரமாட்டேன். தாய்மாமன் மாலை விழாமல் உன் மகள் மேடை ஏறட்டும். ஊர் என்ன பேசுகிறது என்று அன்றைக்குப் பார்ப்போம்.

அழகுபாண்டி

ஒத்தக்கடை
9.8.2025

அண்ணே,

மாலையைக் காட்டி மிரட்டினாயே, எனக்கு எம்புட்டுப் பயம் தெரியுமா? உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நம்பர் தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நேற்று நானே உன் சந்தைக்குக் கொண்டுவந்தேன். நீயும் பார்த்தாய். துண்டுக்குள் கையை விட்டபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

டீக்கடைப் பக்கம் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனில் ஸ்பீக்கரைப் போட்டேன். "ஏலே மாப்ள, பிட்காயினு எம்புட்டு?" என்றேன். அது விலையைச் சொன்னது. எந்த நேரத்து விலை என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஒருவர், "வாங்கலாமா, விக்கலாமான்னு கேளு தாயி" என்றார். "அத நான் சொல்ல முடியாதுங்கய்யா. வெலதான் சொல்வேன்" என்றது. கூட்டம் சிரித்தது.

பேயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குச் சொன்ன வெல இது இல்லையே தாயி" என்றான். நான் உன் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள்.

வாங்கிய டீயைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டேன். ஆனால் நாளைக்கே கூப்பிட்டாலும் திரும்ப வந்து அதே இடத்தில் நிற்பேன்.

தாய்மாமன் மாலைக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சொல்லிவைத்துவிட்டேன். நீ வந்தால் உன் கையால் போடு. வராவிட்டால் என் கையால் போடுவேன். மாலை விழாமல் என் மகள் மேடை ஏறமாட்டாள்.

முனீஸ்வரி

ஒத்தக்கடை
3.9.2025

அண்ணே,

பதில் போடவில்லை நீ. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மதினி தனியாகவே வந்தது. மேளக்காரர்கள் மாமனைத் தேடிக்கொண்டு மதினிக்குப் பின்னால் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார்கள். மதினி திரும்பி, "நாந்தாய்யா வந்துருக்கேன், அடிங்க" என்றது. அடித்தார்கள்.

மாலையை நான் போட்டேன். மதினியையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். நம் பங்காளி அழகுராஜா எழுந்து, "பொம்பள போடலாமா?" என்றார். "போட்டாச்சேண்ணே. கழட்டவா?" என்றேன். உட்கார்ந்துவிட்டார். சத்யப்ரியா மாலைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். ஒரு தடவை மட்டும் வாசல் பக்கம் பார்த்தாள். நானும்தான்.

பேயாண்டிக்கும் மற்றவர்களுக்கும் மிச்சக்காசு போய்ச் சேர்ந்துவிட்டதாம். நீயாகக் கொடுத்தாயா, மதினி கொடுக்க வைத்ததா என்று நான் கேட்கவில்லை. வெளுத்த வேட்டி பெட்டியிலேயே இருக்கிறது என்று மட்டும் மதினி சொன்னது. மகள் மறுவீடு வரும்போது கட்டலாம். இல்லாவிட்டால் பூச்சி தின்னட்டும். உன் இஷ்டம். நான் கெஞ்சமாட்டேன்.

கோபம் இருந்தால் என்னோடு பேசவேண்டாம். மாப்ளயோடு பேசு, நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ யாருக்கு அண்ணன் என்று அதற்குத் தெரியாது. உனக்கும் அதே விலைதான் சொல்லும்.

முனீஸ்வரி